வீட்டு டிராஃப்ட் பியர் மெஷினில் முக்கால் கிளாஸ் நுரை, எங்கே தப்பு செய்கிறேன்?

செங்காங்வாசி எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். போன மாதம் நண்பர் ஒருவர் வீடு மாறிப் போகும்போது மேசைமேல் வைக்கிற சின்ன டிராஃப்ட் பியர் மெஷினை என்னிடம் 80 சிங்கப்பூர் வெள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். 5 லிட்டர் கெக் (பியர் அடைத்த உலோகப் பீப்பாய்) ஒன்று உள்ளே உட்காரும், பக்கத்தில் 16 கிராம் கேஸ் (கரியமில வாயு) குப்பியைத் திருகி மாட்ட ஓர் இடம், முன்னால் குழாய், மேலே எத்தனை டிகிரி என்று காட்டும் சின்னத் திரை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

முதல் தடவை நடந்தது இதுதான். சனிக்கிழமை காலை கடையில் கெக் வாங்கி, தள்ளுவண்டியில் வைத்து எம்ஆர்டி ரயில், அப்புறம் பஸ் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மத்தியானம் 12 மணிக்கு மெஷினில் வைத்து ஆன் செய்தேன். மாலை 6 மணிக்கு நண்பர்கள் வந்தபோது திரையில் 4 டிகிரி என்று இருந்தது. குழாயைத் திறந்தால் வெறும் நுரை. கிளாஸில் அடியில் இரண்டு விரல் அளவுக்கு பியர், மீதி முழுக்க நுரை. கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பார்த்தேன், அது இன்னும் மோசம். நுரையை ஊற்றி ஊற்றியே பாதி கெக் சிங்க்கில் போய்விட்டது. மீதியை வைத்துக் குடிக்கலாம் என்று விட்டுவிட்டேன், கரண்டு செலவாகிறதே என்று ராத்திரியில் மட்டும் சுவிட்சை அணைத்து வைத்தேன். ஒரு வாரம் கழித்து ஊற்றினால் கேஸே இல்லை, நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு வாடை.

தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்கு வருகிறார். செம்பவாங் கப்பல் பட்டறையில் 30 வருஷம் வேலை பார்த்தவர், வேலை முடிந்து கோப்பிக்கடையில் ஒரு கிளாஸ் டிராஃப்ட் குடித்துவிட்டு வீட்டுக்குப் போன நாட்களைப் பற்றி இன்னும் சொல்வார். இப்போது முழங்கால் வலியால் வெளியே அதிகம் போவதில்லை. அவருக்கு என் கையால் ஒரு நல்ல கிளாஸ் ஊற்றிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. மெஷின் கெட்டுப்போனதா, இல்லை நான்தான் தப்பாகச் செய்கிறேனா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குளிர்பெட்டி எழுதியது:

மெஷின் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. நானும் இதே தப்பைத்தான் முதல் மூன்று கெக்குக்கும் செய்தேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தச் சின்ன மெஷின்களில் நிறைய ஐஸ் பெட்டி (ஃப்ரிட்ஜ்) மாதிரி கம்ப்ரசர் வைத்தவை கிடையாது. உள்ளே பெல்டியர் தகடு ஒன்று இருக்கும், கரண்டு பாய்ந்தால் அதன் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடாகும், அந்தச் சூட்டைப் பின்னால் உள்ள காற்றாடி வெளியே தள்ளும். அதனால் சுற்றி இருக்கும் காற்றைப் பொறுத்துத்தான் அதன் வேலை. ஐரோப்பாவில் 20 டிகிரி சமையலறையில் சுலபமாகச் செய்துவிடும். நம் ஊர் சமையலறை மத்தியானத்தில் 31, 32 டிகிரி, பக்கத்தில் அடுப்பு வேறு எரியும். அங்கே அது மூச்சு முட்டி வேலை செய்யும். வெதுவெதுப்பான கெக்கை வைத்தால் குளிர 15 மணி நேரம், 20 மணி நேரம் ஆகிறது, என் மெஷினில் நானே நேரம் பார்த்தேன். உங்களுக்குக் கிடைத்தது வெறும் ஆறு மணி நேரம்.

திரையில் 4 டிகிரி காட்டியதே என்பீர்கள். அது பெரும்பாலும் தகட்டுப் பக்கத்துச் சூட்டைக் காட்டுவது, கெக்கின் நடுவில் இருக்கும் பியரை அல்ல. சமையலுக்கு வைத்திருக்கும் தெர்மாமீட்டரை ஊற்றிய கிளாஸில் விட்டுப் பாருங்கள். என் வீட்டில் திரை 4 என்று சொன்னபோது கிளாஸில் 9 இருந்தது.

இந்த 5 டிகிரி வித்தியாசம்தான் உங்கள் நுரை. சாதாரண லாகர் பியரில் ஒரு லிட்டருக்குச் சுமார் இரண்டரை லிட்டர் கரியமில வாயு கரைந்திருக்கும். பியர் 3 டிகிரியில் இருந்தால் அதை உள்ளே பிடித்து வைக்க 0.8 பார் என்ற அளவு அழுத்தம் போதும். 9 டிகிரி ஆகிவிட்டால் 1.2 பார் கிட்டத் தேவை. உங்கள் மெஷின் 0.8 தான் கொடுக்கிறது என்றால், குழாயைத் திறந்த உடனே அந்த வாயு மொத்தமும் வெளியே வரப் பார்க்கும். போதாததற்கு பஸ்ஸில் குலுக்கிக் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

ஆகவே கெக்கை முதல் நாளே வாங்கி, முழுசாக ஒரு நாள் ஐஸ் பெட்டியில் வையுங்கள். 5 லிட்டர் கெக் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயரம், 17 சென்டிமீட்டர் அகலம், ஒரு தட்டைக் கழற்றினால் உள்ளே போய்விடும். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் கெக் உப்பிப் போகும். மெஷினையும் காலியாக இரண்டு மணி நேரம் முன்னாலேயே ஆன் செய்து குளிர வையுங்கள். அதற்குப் பின்னால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், சுவரோடு ஒட்டி வைத்தால் சூட்டுக் காற்று திரும்பி அதன்மேலேயே அடிக்கும். இந்த மெஷின் பியரைக் குளிர வைப்பதற்கு என்று நினைக்காதீர்கள். குளிர்ந்ததைக் குளிராகவே வைத்திருக்கத்தான் அதனால் முடியும்.

அவசரம் என்றால் பெரிய வாளியில் ஐஸ், தண்ணீர், இரண்டு கை உப்பு போட்டு கெக்கை முக்கி வையுங்கள். வெறும் ஐஸ் போதாது, தண்ணீர் சேர்ந்தால்தான் கெக்கின் உடம்பு முழுக்கக் குளிர் ஏறும். இரண்டு மூன்று மணி நேரத்தில் நன்றாகக் குளிர்ந்துவிடும். அவ்வப்போது வாளியை லேசாகச் சுற்றிவிடுங்கள், ஆனால் கெக்கைக் குலுக்க வேண்டாம்.

ராத்திரியில் அணைப்பதை நிறுத்துங்கள். என் மெஷின் 70 வாட், நாள் முழுக்க ஓடினால் 1.7 யூனிட் கிட்ட, யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் ஒரு நாளைக்கு அரை வெள்ளி. அந்த அரை வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய் கெக்கையே கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய_பார்_ஊழியர் எழுதியது:

குளிர்பெட்டி சொன்னது முழுக்கச் சரி, குளிர்தான் முக்கால்வாசி. மீதிக் கால்வாசியை நான் சொல்கிறேன். போட் கீ பக்கம் 11 வருஷம் பார் பின்னால் நின்றவன்.

தம்பி, ஒரு வாரத்தில் கேஸ் போய்விட்டது என்கிறீர்களே, அது சூட்டினால் மட்டும் இல்லை. எங்கேயோ கசிகிறது. 16 கிராம் குப்பி ஒன்று 5 லிட்டர் கெக்கைத் தள்ளி முடிக்கத்தான் கணக்காக இருக்கும், மிச்சம் ஒன்றும் நிற்காது. துளி கசிவு இருந்தாலும் நாலு நாளில் குப்பி காலி. பழைய மெஷின், எத்தனை மாதம் சும்மா கிடந்ததோ, குப்பி திருகும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலக்கி, குப்பியை மாட்டிய பிறகு அந்த இணைப்பைச் சுற்றியும், கெக்கின் மேல் ரப்பர் அடைப்பானில் குழாய் செருகும் இடத்தைச் சுற்றியும் விரலால் தடவுங்கள். குமிழி கிளம்பினால் அங்கேதான் ஓட்டை. புது வளையம் ஒரு வெள்ளிகூட இருக்காது, சாப்பாட்டுக்கு ஏற்ற சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம் தடவி மாட்டுங்கள். சோதித்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், சோப்பு பியரில் படக்கூடாது.

குப்பி வாங்கும்போது உணவுக்கானதா என்று பார்த்து வாங்குங்கள். பொம்மைத் துப்பாக்கிக்கு விற்கும் குப்பிகளில் எண்ணெய் கலந்தது உண்டு. கிரீம் அடிக்க விற்பது வேறு வாயு, அதைத் தொடவே வேண்டாம். ஹைனெக்கன் 5 லிட்டர் கெக் மாதிரி உள்ளேயே கேஸ் வைத்து வருபவையும் உண்டு, அதற்கு வெளியே இருந்து குப்பி மாட்டக் கூடாது. கையால் பம்ப் அடிக்கிற குழாய் இருக்கிறதே, அது காற்றைத்தான் உள்ளே தள்ளும். காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது, மறுநாளே பியர் செத்துவிடும். நீங்கள் சொல்லும் அந்த அட்டைப்பெட்டி வாடையும் ஆக்சிஜன் வேலைதான், சூடு அதை இன்னும் வேகப்படுத்தும்.

அடுத்தது கிளாஸ். இதை யாரும் யோசிப்பதில்லை. குழம்புச் சட்டி தேய்த்த அதே ஸ்பாஞ்சில் கிளாஸையும் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெய் படிந்துவிடும். அந்த எண்ணெய் நல்ல நுரையை ஒரு நிமிஷத்தில் கொன்றுவிடும், அழுக்கு ஒட்டிய இடத்தில் பெரிய பெரிய குமிழிகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். பியர் கிளாஸுக்கென்று புது ஸ்பாஞ்ச் ஒன்று தனியாக வையுங்கள். சுத்தமா என்று பார்க்க, கிளாஸை நனைத்துவிட்டு உள்ளே உப்பைத் தூவுங்கள். எல்லா இடத்திலும் சமமாக ஒட்டினால் சுத்தம், எங்கே உப்பு ஒட்டாமல் வழுக்கிப் போகிறதோ அங்கே எண்ணெய் இருக்கிறது. துணியால் உள்ளே துடைக்காதீர்கள், கவிழ்த்து வைத்துத் தானாகக் காய விடுங்கள். ஊற்றுவதற்கு முன் குளிர்ந்த தண்ணீரில் ஒரு தடவை அலசினால் போதும்.

ஊற்றும் விதம். நுரை வருகிறதே என்று பயந்து குழாயைப் பாதி திறக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் பெரிய தப்பு. பாதி திறந்த குழாயில் பியர் இடுக்கு வழியாகப் பீய்ச்சி வரும், அப்போது வாயு பிரியாமல் என்ன செய்யும்? ஒரே இழுப்பில் முழுக்கத் திறக்க வேண்டும். கிளாஸை 45 டிகிரி சாய்த்து, பியர் கிளாஸின் பக்கச் சுவரில் வழுக்கி இறங்குமாறு பிடியுங்கள், குழாயின் மூக்கு பியரில் முங்கக் கூடாது. முக்கால் நிறைந்ததும் கிளாஸை நிமிர்த்தி நடுவில் விடுங்கள், நுரை மேலெழும், இரண்டு விரல் தடிமன் வந்ததும் ஒரே தட்டில் மூடுங்கள். அன்றைக்கு ஊற்றும் முதல் கிளாஸில் எப்போதும் நுரை கூடுதல்தான், குழாய்க்குள் நின்றிருந்த பியர் வெளிச்சூட்டில் சூடாகியிருக்கும். அதைத் தனியாக வைத்துவிட்டு இரண்டாவதை மாமனாரிடம் கொடுங்கள்.

நுரையே வேண்டாம் என்று சிலர் கேட்பார்கள், கொஞ்சம் இருக்கட்டும். வாசனை அதில்தான் இருக்கிறது. நன்றாக ஊற்றிய கிளாஸைக் குடித்து இறக்க இறக்க, ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு வளையமாக நுரை கிளாஸில் ஒட்டி நிற்கும். கிளாஸைத் திரும்ப எடுத்து வரும்போது அந்த வளையங்களை வைத்து எத்தனை மடக்கில் குடித்தார் என்றுகூடச் சொல்லிவிடுவோம்.

ஒவ்வொரு கெக் முடிந்ததும் குழாயையும் உள்ளே போகும் சின்ன டியூபையும் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அலசுங்கள், பியர் லைனுக்கென்று (பியர் ஓடும் குழாய்க்கென்று) விற்கும் கிளீனரில் ஊற வைத்து, மறுபடியும் நல்ல தண்ணீரில் வாடை போகும்வரை அலசுங்கள். பெரிய பார்களிலேயே இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை லைன் கழுவ வேண்டும் என்பது வழக்கம். கழுவாவிட்டால் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் படியும், வெண்ணெய் வாடை, புளித்த வாடை வரும், அந்தச் சொரசொரப்பில் பியர் பட்டாலே நுரை கிளம்பும். சொட்டுத் தட்டைத் தினமும் கழுவுங்கள், இந்த ஊர் ஈரப்பதத்துக்குப் பழ ஈ ஒரே நாளில் வந்துவிடும்.

ஈசூன்_அக்கா எழுதியது:

மெஷினைப் பற்றி இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். நான் கொஞ்சம் வேறு பக்கமாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தீபாவளி அன்றைக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? ஆறு ஏழு பேர் என்றால் 5 லிட்டர் ஒரே சாயந்தரத்தில் முடிந்துவிடும், அரை லிட்டர் கிளாஸில் பத்துதான். அதற்கு மெஷினே தேவையில்லை. உள்ளேயே கேஸ் இருக்கும் கெக்கை முதல் நாளே குளிர வைத்து, ஐஸ் வாளியில் வைத்து ஊற்றினால் போதும். மெஷின் பயன்படுவது மெதுவாகக் குடிப்பவருக்கு, ஒரு நாளைக்கு ஒரு கிளாஸ் என்று இரண்டு மூன்று வாரம் வைத்துக் குடிக்கிற வீட்டுக்கு. என் கணவர் அப்படி, அதனால்தான் எங்கள் வீட்டில் இருக்கிறது. சும்மா விருந்துக்கு மட்டும் என்றால் மேசையில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.

காசு மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இங்கே பியருக்கு வரி அதில் உள்ள ஆல்கஹாலை வைத்துத்தான், ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 60 வெள்ளி கலால் வரி. 5 சதவீத பியர் 5 லிட்டரில் கால் லிட்டர் ஆல்கஹால், ஆக 15 வெள்ளி. அதே பியரை 330 மில்லி டின்னாக 15 வாங்கினாலும் ஏறத்தாழ அதே 15 வெள்ளிதான் வரி. அதற்கு மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. கெக்கில் வந்தாலும் டின்னில் வந்தாலும் இந்த வரி மாறாது. வெளியே பாரில் போய்க் குடிப்பதோடு ஒப்பிட்டால் மலிவு, அது உண்மை.

புதிதாக மெஷின் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒன்று. சில மெஷின்கள் அவற்றுக்கென்றே செய்த கெக்கை மட்டும்தான் ஏற்கும். பிலிப்ஸ் பெர்ஃபெக்ட்டிராஃப்ட் 6 லிட்டர், ஹைனெக்கன் பிளேட் 8 லிட்டர், ஒன்றின் கெக் மற்றதில் பொருந்தாது. அந்த வகை கெக்குகளில் வாயு பியரோடு கலப்பதில்லை, வெளியே இருந்து காற்று அழுத்தித் தள்ளும், திறந்த பிறகு 30 நாள் வரை இருக்கும் என்று சொல்கிறார்கள். நல்லதுதான், ஆனால் முதலில் கெக் இங்கே தொடர்ந்து கிடைக்குமா என்று கேட்டுவிட்டு அப்புறம் மெஷினை வாங்குங்கள். உங்களுடையது சாதாரண கெக் எடுக்கும் மெஷின், அந்த வகையில் நல்லது.

இரவு 10.30க்கு மேல் கடையில் பியர் வாங்க முடியாது என்பது தெரிந்ததுதான், லிட்டில் இந்தியாவில் வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் கட்டுப்பாடு இன்னும் கடுமை, அதனால் அங்கே தேக்கா பக்கம் வாங்குவதாக இருந்தால் இரண்டு நாள் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். எப்படியும் குளிர வைக்க ஒரு நாள் வேண்டுமே. வீட்டுக்குள் எத்தனை மணி வரை குடித்தாலும் சட்டத்தில் தடை இல்லை, ஆனால் காற்றாட உட்காரலாம் என்று 10.30க்கு மேல் அடுக்குமாடி புளோக்கின் கீழே கொண்டு போகாதீர்கள், அது பொது இடம்.

கடைசியாக, பெரியவர் விஷயம். டின் என்றால் எத்தனை என்று எண்ணலாம், குழாயில் ஊற்றினால் எண்ணிக்கை மறந்துவிடும். 5 சதவீத பியர் அரை லிட்டர் கிளாஸ் ஒன்றில் 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, 10 கிராமை ஓர் அளவாக வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள், ஆக ஒரு கிளாஸே இரண்டு அளவு. முழங்காலுக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சின்ன கிளாஸாக எடுத்து வையுங்கள், 300 மில்லி போதும், கடைசி வரை குளிராகவும் இருக்கும். காரில் வருபவர்களுக்கு டாக்ஸி பிடித்துக் கொடுங்கள்.

செங்காங்வாசி எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. நேற்று உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.

சோப்புத் தண்ணீர் தடவியதும் கெக் பக்கம் ஒன்றும் இல்லை, குப்பி திருகும் இடத்தில் குட்டிக் குட்டியாகக் குமிழி வந்தது. வளையத்தை எடுத்துப் பார்த்தால் நகம் பட்டாலே பொடிப்பொடியாக உதிர்கிறது, கறுப்புத் தூள் விரலில் ஒட்டிக்கொண்டது. குழாய் பொருள் விற்கும் கடைக்குப் பழைய வளையத்தையே எடுத்துப் போய் அதே அளவில், சாப்பாட்டுப் பொருளுக்கு ஆகும் சிலிக்கோனில் மூன்று வாங்கினேன். புதியதை மாட்டிய பிறகு குமிழி இல்லை.

கெக்கை வெள்ளி ராத்திரி ஐஸ் பெட்டியில் வைத்தேன், மனைவி காய்கறித் தட்டை எடுத்துக் கொடுத்தார். சனி ராத்திரி மெஷினுக்கு மாற்றி, சமையலறையில் இருந்து ஹாலுக்கு நகர்த்தி வைத்தேன், சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி. முதல் கிளாஸ் பாதி நுரை. இரண்டாவது கிளாஸை முழுக்கத் திறந்து ஊற்றினேன், சத்தமே வேறு மாதிரி இருந்தது, சீறாமல் ஒரே சீராக இறங்கியது. நுரை மேலே வெள்ளையாக மூடிக்கொண்டது, கிளாஸின் வெளியே உடனே வியர்த்துவிட்டது. தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன், 4 டிகிரி. குடித்து இறக்கும்போது அண்ணன் சொன்ன அந்த வளையங்கள் ஐந்து வந்தன.

அக்கா, மாமனார் மாத்திரை சாப்பிடுகிறார். மனைவி டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார், அவர் என்ன சொல்கிறாரோ அதன்படி.

ஒரே ஒரு சந்தேகம். தீபாவளிக்குப் பிறகு இரண்டு லிட்டர் மீந்தால் எத்தனை நாள் வைக்கலாம்? காலி கெக்கை எங்கே போடுவது?

பழைய_பார்_ஊழியர் எழுதியது:

அருமை தம்பி, ஐந்து வளையம் வந்தால் கிளாஸ் சுத்தம்.

குப்பி மாட்டிய கெக்கை அணைக்காமல் குளிராகவே வைத்திருந்தால் இரண்டு வாரம் நன்றாக இருக்கும். அதற்கு மேல் நான் வைக்க மாட்டேன். தினமும் ஊற்றாத நாட்களில் குழாயின் மூக்கை மட்டும் சூட்டுத் தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து வையுங்கள், காய்ந்த பியர் ஒட்டினால் அங்கேதான் முதலில் புளிக்கும்.

காலி கெக்கைத் தூக்கிப் போடும் முன் உள்ளே அழுத்தம் இருக்கக் கூடாது. முதலில் கேஸ் குப்பி முழுக்கக் காலியானதும் கழற்றுங்கள், அப்புறம் சீறும் சத்தம் நிற்கும்வரை குழாயைத் திறந்து விடுங்கள், அதற்குப் பிறகுதான் கெக்கில் இருந்து குழாயைப் பிடுங்க வேண்டும். அழுத்தத்தோடு பிடுங்கினால் முகத்தில் அடிக்கும். உள்ளே அலசி, காயவைத்து, புளோக்கின் கீழே உள்ள நீல மறுசுழற்சித் தொட்டியில் போடலாம், உலோகம்தானே. எங்கள் புளோக்கில் பழைய பொருள் வாங்க வரும் கராங்குனிக்காரரும் எடுத்துக்கொள்வார்.

மீதி இரண்டு வளையத்தையும் மெஷின் பக்கத்திலேயே ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். தீபாவளி அன்றைக்கு அந்தக் குழாய் பொருள் கடை திறந்திருக்குமா என்று சொல்ல முடியாது.